வாடாமல்லிக்குப் பின்னால் இருபத்திரண்டு

அத்தியாயம் 11

ஸ்ரீரங்கம் மேலூரிலிருந்து இருபத்திரண்டு வாத்துகள், ஓட்டி வர ஆளில்லாமல், காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒழுங்காக இடப்பக்கம் ஒதுங்கி, மெயின்கார்டு கேட்டில் நின்று நாலு பக்கமும் பார்த்து, பெரிய கடை வீதியில் தங்கள் எஜமானி வேலை பார்க்கும் கடைக்குள் மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்குக் காலடி எடுத்து வைத்தன. அவற்றுக்காக நூற்றுப் பதினான்கு பஸ்களும், நாலாயிரம் ஸ்கூட்டர்களும், ஒரு யானையும் வழிவிட்டு நின்றன.

யானையைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து உண்டு. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து சத்தியம்.

நம்ப முடியவில்லையா? வெட்கப்பட வேண்டாம். மருதையும் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பதுதான் மருதைக்கு உத்தியோகமே. அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். "இப்பத்தான் ஏறினேன் சார்", "சட்டையை மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்டேன் சார்", "டிக்கெட்டைக் குழந்தை தின்னுடுச்சு சார்" என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, மனைவி ஆனந்தவள்ளி "மழை பெய்யுதுங்க" என்றால்கூட வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்தாலும், மாடியிலிருந்து யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களோ என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பார்.

அப்படிப்பட்டவர் போன அத்தியாயத்தில் போட்ட நிபந்தனையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயின் கீரைப் பாத்திக்குள் வாத்துகள் புகுந்து, பத்தே நிமிஷத்தில் அதைச் சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்ட தலை மாதிரி மழித்து வைத்துவிட்டன அல்லவா? ஆறு முட்டையில் பொன்னுத்தாய் சமாதானமாகிவிட்டாள். மருதை ஆகவில்லை.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் பார்ப்பேன். அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரே ஒரு வாத்து வேலியைத் தாண்டினாலும் சரி, மறுநாள் காலையில பிச்சமுத்து வந்து அத்தனையையும் ஓட்டிட்டுப் போயிடுவான். இல்லையா, கடையை விட்டுட்டு வீட்டோட இருந்து வாத்தைப் பாரு. ரெண்டுல ஒண்ணுதான்."

பிச்சமுத்து மண்ணச்சநல்லூர்ப் பக்கம் அறுத்த வயல்களில் எண்ணூறு வாத்துகளை மேய்க்கிறவன். எண்ணூறோடு இருபத்திரண்டு சேர்ந்தால் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியப் போவதில்லை.

ஆனந்தவள்ளிக்குத் தெரியும். அந்த வீட்டில் டி.வி. ரிமோட் முதல் நாத்தனார் கல்யாணப் பேச்சு வரை எல்லாம் மருதையின் சொல்படி நடப்பவை. அவள் சொல்லி நடப்பவை இந்த இருபத்திரண்டும்தான். அடைகோழி ஒன்றை ஏமாற்றி, வாத்து முட்டைகளை அதன் அடியில் தள்ளி, பொரித்து எடுத்தவள் அவள். விட மனசு வருமா?

கடையையும் விட முடியாது. பெரிய கடை வீதி வஹீதா மேட்சிங் சென்டரில் ஆனந்தவள்ளி இல்லை என்றால் திருச்சியில் பாதிப் பெண்கள் புடவைக்கு ஒரு நிறம், ரவிக்கைக்கு ஒரு நிறமாகத்தான் திரிய வேண்டும். வாடாமல்லி என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். அவளுக்கு அதில் பதினேழு வாடாமல்லி தெரியும். காலை வாடாமல்லி, மாலை வாடாமல்லி, துவைத்த வாடாமல்லி, துவைத்து வெயிலில் மறந்துவிட்ட வாடாமல்லி. ஒருமுறை ஓர் அம்மாள் பெங்களூரிலிருந்து போனிலேயே தும்மிவிட்டுப் புடவை நிறத்தைச் சொல்ல, ஆனந்தவள்ளி எடுத்து அனுப்பிய ரவிக்கை பிட் நூலிழை பிசகாமல் பொருந்தியது. தும்மல் உதவியதா என்பது தெரியாது.

ஆக, ஒரு மாதமாக அவள் நெருப்பு மேல் நடந்துகொண்டிருந்தாள். காலை ஐந்து மணிக்கு முட்டை பொறுக்கல். அப்புறம் ஊறவைத்த தவிடு. வீட்டின் பின்னால் ஓடும் வாய்க்காலில் நத்தை பொறுக்கி ஒரு சட்டி. குளித்து, கடையின் வாடாமல்லி யூனிஃபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டு, அதே புடவையோடு வாத்துகளை வாய்க்காலில் நைலான் வலை கட்டிய பகுதிக்குள் இறக்கிவிட்டு, எட்டே முக்கால் பஸ்ஸுக்கு ஓட்டம். ராத்திரி வந்து இறங்கியதும், அதே வாடாமல்லியோடு பட்டியில் தலை எண்ணிக்கை. வாத்துகளுக்குக் கண் திறந்த நாளிலிருந்து உலகத்தில் சோறு போடுகிற நிறம் ஒன்றே ஒன்றுதான்.

ஆடிப் பதினெட்டும் வந்தது.

அன்றைக்குக் கடை முதலாளி ஜெகபர் சாதிக் ஒரு சலுகை கொடுத்திருந்தார். "பண்டிகை நாளு. யூனிஃபார்ம் வேணாம். எல்லாரும் பிடிச்ச புடவை கட்டிக்கிட்டு வாங்க." ஆனந்தவள்ளி கிளிப்பச்சையில் கட்டினாள். கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாத்துகளுக்குத்தான் பிடிக்கவில்லை. தவிட்டுச் சட்டியோடு வந்த பச்சையை முதலில் இடது கண்ணால் பார்த்தன. திரும்பி வலது கண்ணால் பார்த்தன. நாலு அடி பின்னால் போயின.

வழக்கமான கொஞ்சலுக்கும் திட்டுக்கும் நேரமில்லை. தவிட்டைக் கொட்டினாள், வலைக் கயிற்றை இழுத்துக் கட்டினாள், வாய் திறக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். காவிரியில் இரண்டு கரையும் முட்டத் தண்ணீர். வாய்க்காலும் அதோடு ஏறிக்கொண்டிருந்தது. அதை அவள் கவனித்தாள். வலையை இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டும் என்றும் நினைத்தாள். பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கவுண்ட்டர் மேல் கைகள் மட்டும்தான் தெரிந்தன. ஆட்கள் கைகளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தார்கள். "அக்கா, இதுக்கு லைனிங்", "அக்கா, இதுல முக்கால் மீட்டர்" என்று குரல்கள் எட்டுத் திக்கிலிருந்தும் வந்தன.

பதினொன்று பத்துக்குப் பொன்னுத்தாயின் போன்.

"அக்கா, பதறாதே."

இப்படி ஆரம்பித்தால் யார்தான் பதறமாட்டார்கள்?

"என்னடி?"

"தண்ணி வலைக்கு மேலயே போகுதுக்கா. உள்ள ஒண்ணுகூட இல்லை."

ஆனந்தவள்ளியின் கையில் இருந்த கத்தரிக்கோல் துணியில் பாதி வழியில் நின்றது. "ஒண்ணுகூடவா?"

"கரையெல்லாம் காலடியா இருக்கு. படித்துறை வரைக்கும் போயிருக்குதுங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் ஆறுதான்க்கா."

நூறு பேர் பேசுகிற கடையில் அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காலையில் பஸ் ஜன்னல் வழியே பார்த்த காவிரி கண்ணுக்குள் வந்தது. செம்மண் நிறம், மரக்கிளைகளைச் சுழற்றி இழுத்துக்கொண்டு போகும் வேகம். வாத்து நீந்தும்தான். அந்த வேகத்தில் கரையேறுமா?

ஜெகபர் சாதிக்கிடம் போனாள். "பாய், நான் கொஞ்சம் வீட்டுக்குப் போகணும்."

"என்னம்மா விளையாடுறியா? இந்தக் கூட்டத்தைப் பாரு!" என்றவர், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "யாருக்கு என்ன?"

"வாத்தெல்லாம் ஆத்தோட போயிடுச்சு பாய்."

வேறு முதலாளியாக இருந்தால் சிரித்திருப்பார். ஜெகபர் சாதிக் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் கொண்டுவரும் முட்டையைச் சாப்பிடுகிறவர். "யா அல்லாஹ்" என்றார். "வஹீதாவை வரச் சொல்றேன். அவ வந்து உன் இடத்துல நின்னதும் நீ கிளம்பு. ஒரு அரை மணி."

கடைக்குப் பேர் கொடுத்த அவர் மனைவி வஹீதா கிளம்பினார். பாலக்கரையிலேயே நெரிசலில் மாட்டிக்கொண்டார். ஊரே காவிரியைப் பார்க்கக் கிளம்பியிருந்த நாள் அது.

மருதைக்குச் சொல்லாமல் முடியுமா? போனைப் போட்டாள்.

"சொன்னேனா இல்லையா?" என்றார் மருதை. திருவானைக்கோவிலில் ஏறி, பஸ்ஸில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னப்ப எல்லாம் எனக்கு ஈரமில்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே."

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. அம்மா மண்டபத்துல போலீஸ் படகு நிக்குமே, யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கச் சொல்லுங்களேன்."

"போலீஸ் படகை வாத்து தேடவா? போனை வை." வைத்துவிட்டார்.

அவள் மறுபடி கத்தரிக்கோலை எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அரக்குப் புடவைக்கு மெரூன் பிட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வாங்கியவரே "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பன்னிரண்டு ஐந்துக்கு மருதையே கூப்பிட்டார்.

"காவிரிப் பாலத்துல மாட்டிக்கிட்டேன். பஸ் நகரலை. வர லேட்டாகும்."

"ஆக்ஸிடென்ட்டா?"

"அதெல்லாம் இல்லை. டிரைவர் ஜெபராஜ் என்னமோ உளர்றான்."

"என்னன்னு?"

"முன்னால வாத்து போகுதாம்."

ஆனந்தவள்ளி கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை?"

"அடியே, பாலத்துல வாத்து ஏதுடி? உன் புலம்பலை நான் போன்ல பேசறப்ப ஒட்டுக்கேட்டிருப்பான். அதை வச்சு ஒரு காரணம் ஜோடிக்கிறான். டிரைவருங்க சொல்ற காரணம் எனக்குத் தெரியாதா?"

பின்னாலிருந்து ஜெபராஜின் குரல் கேட்டது. "சார், சத்தியமா சார். கொஞ்சம் எட்டித்தான் பாருங்களேன்!"

"இறங்கிப் பாருங்களேன்" என்றாள் ஆனந்தவள்ளியும்.

"வாத்துக்கு இறங்கினா நாளைக்குக் கொள்ளிடத்து முதலை குறுக்க வந்துச்சும்பான். அதுக்கும் இறங்கணும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஏதோ ஒன்று சரியாக இல்லை. என்ன என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

"என்னங்க... பாலத்துலதானே இருக்கீங்க?"

"பின்ன?"

"டிராஃபிக் நிக்குதுங்கிறீங்க. ஹாரன் சத்தமே கேக்கலையே?"

மருதையும் கேட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. காவிரிப் பாலத்தில் வண்டி நின்று ஹாரன் அடிக்காமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. பாலம் திறந்த அன்றைக்கே ரிப்பன் வெட்டும் முன்பு பின்னாலிருந்து ஒருவன் அடித்தானாம். இப்போது போனில் காற்றுச் சத்தம் வந்தது. அதன் அடியில் தண்ணீர்ச் சத்தம். வேறொன்றும் இல்லை.

"ஆமா" என்றார் மருதை மெதுவாக. "யாரும் அடிக்கலை."

"ஏன் அடிக்கலை?"

பஸ் படிக்கட்டில் பூட்ஸ் இறங்கும் ஓசை கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது. திருப்பிப் போட்டால் மணி அடித்தது, எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தெருவே வாடாமல்லியானது.

நாற்பது பெண்கள். உறையூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மகளிர் குழு. இரண்டு வாரத்துக்கு முன்பு குழுத் தலைவி சுபஸ்ரீ கடைக்கு வந்து, ஆனந்தவள்ளி கட்டியிருந்த யூனிஃபார்மைத் தொட்டுப் பார்த்து, "எனக்கு இதே கலர்தான் வேணும். நாப்பது பேருக்கும். துளி மாறினாலும் திருப்பிக் குடுத்துடுவேன்" என்று ஆர்டர் கொடுத்திருந்தார். ஆனந்தவள்ளியிடம் துளி மாறுமா? நாற்பது புடவையும் நாற்பது பிட்டும் அச்சாக அதே வாடாமல்லி. அதோடு விட்டிருக்கலாம். அம்மா மண்டபத்துக் கூட்டத்தை நினைத்துச் சுபஸ்ரீ அலுத்துக்கொண்டபோது, "எங்க வீட்டுப் பின்னாடி படித்துறை ஒண்ணு இருக்கு மேடம். ஈ காக்காய் இருக்காது" என்று வழியும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதை மறந்தே போனாள். இப்போது நாற்பது வாடாமல்லியையும் ஒரே இடத்தில் பார்த்ததும்தான் படித்துறையும் வாத்துகளும் அவள் மனசில் ஒன்று சேர்ந்தன.

சுபஸ்ரீ முகமெல்லாம் பூரிப்பாக உள்ளே வந்தார். "ஆனந்தவள்ளி! உன் கைக்கு மோதிரம் போடணும்! உங்க படித்துறையில கும்பிட்டுட்டுத் திரும்பினா வேனை எங்கேயோ திருப்பி விட்டுட்டாங்க. சரின்னு உனக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு கரையோரமா நடந்தே வந்தோம். வழியெல்லாம் ஜனங்க எங்களையே பாக்கறாங்க! அம்மா மண்டபத்துல செல்போனைத் தூக்கித் தூக்கிப் படம் எடுக்கறாங்க. பாலத்துல பஸ்ஸெல்லாம் நின்னு வழி விடுது. ஒரு ஹாரன் இல்லை, தெரியுமா! மேட்சிங்னா இப்படி இருக்கணும்!"

"மேடம்" என்றாள் ஆனந்தவள்ளி. "நீங்க ஒரு தடவையாவது திரும்பிப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

கடைசி வரிசையில் வந்த ஒல்லியான பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார். "யாரோ அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு விட்ட வாத்துன்னு நினைச்சோம். விரட்டினா பாவமில்லையா?"

அப்போதுதான் தெருவில் அந்த அமைதி வந்தது. பெரிய கடை வீதி, ஆடித் தள்ளுபடி, மதியம் ஒரு மணி ஆகப் போகிற நேரம். அங்கே அமைதி வந்ததை நான் எப்படிச் சொல்லி உங்களை நம்பவைப்பது? கரும்புச்சாறு மிஷின் நின்றது. "எடுத்துக்கோ எடுத்துக்கோ" என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தவன் இரண்டாவது "எடுத்துக்கோ"வின் நடுவில் வாயை மூடினான். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது.

நடுவில் வந்தன.

ஒன்றன் பின் ஒன்றாக, கழுத்தை நிமிர்த்தி, தாசில்தார் ஆபீசுக்கு மனுக் கொடுக்க வந்தவர்கள் மாதிரி அடக்க ஒடுக்கமாக. காவிரியில் அம்மா மண்டபம் வரை நீந்தியவை. படியேறிப் பாலம் நடந்தவை. இறகெல்லாம் ஆற்று மண். முன்னால் வந்தது, இடது பாதத்தில் ஒரு நகம் இல்லாத சாம்பல் பெட்டை. ஆனந்தவள்ளிக்கு நூறு கெஜத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

வாத்துகள் கடைப்படி ஏறின. நாற்பது வாடாமல்லிகளுக்கு நடுவில் போய் நின்றன. அண்ணாந்து பார்த்தன. ஒரு புடவையிலிருந்து இன்னொரு புடவைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. எல்லாம் சரியான நிறம்தான். ஆனாலும் ஒன்றிலும் சேராமல் அவை தவித்தன. சாம்பல் பெட்டை வாயைத் திறந்து, சத்தம் போடாமல் மூடிக்கொண்டது.

கிளிப்பச்சைப் புடவையில் நின்ற ஆனந்தவள்ளிக்கு அடக்க முடியவில்லை.

"அடிப்பாவிகளா!" என்றாள்.

இருபத்திரண்டு கழுத்தும் ஒரே வெட்டில் திரும்பின.

அவள் கட்டியிருந்தது அவற்றுக்கு ஆகாத நிறம். காலையில் பார்த்துப் பின்வாங்கிய நிறம். நாற்பது வாடாமல்லியையும் விட்டுவிட்டு, கால்களுக்கு இடையிலும் முந்தானைகளுக்கு அடியிலும் புகுந்து, டஸ்ஸர் துணி ரோல்களின் மேல் ஏறி இறங்கி, கவுண்ட்டரைச் சுற்றிக்கொண்டு அத்தனையும் அவள் காலடிக்கு வந்து சேர்ந்தன. அதற்கப்புறம்தான் கத்த ஆரம்பித்தன. அந்தச் சத்தம் மலைக்கோட்டை உச்சியில் கேட்டிருக்கும். ஆனந்தவள்ளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ஜெகபர் சாதிக். அவர் கல்லாவை விட்டு எழுந்து நின்றிருந்தார். வியாபார நேரத்தில் அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

சுபஸ்ரீ மட்டும் மெல்லிய குரலில் கேட்டார். "அப்ப... பாலத்துல அவங்க எங்களைப் பாக்கலையா?"

"உங்களையும் பாத்திருப்பாங்க மேடம்" என்றாள் ஆனந்தவள்ளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காக்கிச் சட்டை ஒன்று உள்ளே வந்தது. மருதை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, கடையின் பலகையை ஒரு முறை நிமிர்ந்து படித்தார். அலமாரிகளைப் பார்த்தார். தரையில் வாத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"இதுதான் உன் கடையா?" என்றார்.

ஆறு வருஷம். ஒரு நாள்கூட அவர் வந்ததில்லை. ஆனந்தவள்ளி அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவள் சொல்ல நினைத்தது வேறு. அதைச் சொல்ல எழுந்து நின்றாள்.

"வேலி தாண்டிடுச்சுங்க. நான் வலையைத் தூக்கிக் கட்டியிருக்கணும். கட்டலை. சொன்ன பேச்சு மாறக் கூடாது. பிச்சமுத்துவைக் காலையில வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டாள்.

மருதை காதில் வாங்கினாரோ இல்லையோ, அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஜெபராஜைப் பொய்யனாக்கத்தான் இறங்கினேன்" என்றார். "ரெண்டு பக்கமும் வண்டி. நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு வழி. இதுங்க அதுல போகுதுங்க. கீழ ஆறு அந்தச் சத்தம் போடுது. ஒரு லாரிக்காரன் இன்ஜினை அணைச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். ஸ்கூட்டர்ல வந்த ஒருத்தன் ஹெல்மெட்டைக் கழட்டறான். ஏன்னு யாருக்கும் தெரியலை. நானும் தொப்பியைக் கழட்டினேன். எனக்கும் தெரியலை."

ஜெகபர் சாதிக் தண்ணீர் கொடுத்தார். மருதை குடித்தார்.

"எங்கதான் போகுதுங்கன்னு பின்னாலயே வந்தேன். தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு நாய் வந்துச்சு. நான் விரட்டலை. அதுவே ஒதுங்கிடுச்சு. நீ எங்க வேலை பாக்கறேன்னு எனக்குத் தெருப் பேர்தான் தெரியும், ஆனந்தா. வாசல் தெரியாது. இதுங்கதான் கூட்டிக்கிட்டு வந்து விட்டுச்சுங்க."

"அந்தப் புடவைங்களைப் பாத்துதான் வந்துச்சுங்க" என்றாள் அவள், நேர்மையாக.

"வந்தது புடவையைப் பாத்துதான். வாசல் கூட்டத்துல நின்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா உள்ள வந்தப்புறம் நாப்பது புடவையையும் விட்டுட்டு எங்க போச்சு?" மருதை தலையை ஆட்டினார். "வேலி தாண்டின வாத்தைப் பிடிச்சுக் குடுத்துடலாம். இதை எவன்கிட்டன்னு குடுக்கிறது? பிச்சமுத்து வர வேண்டாம். நானே சொல்லிடறேன். நீ கடைக்கு வா. காலையில தவிடு நான் ஊற வைக்கிறேன்."

ஆனந்தவள்ளி அவரையே பார்த்தாள். பின்னால் யாரோ கைதட்டினார்கள். ஜெகபர் சாதிக்காக இருக்க வேண்டும், ஏனென்றால் உடனே, "ஆனா அந்த டஸ்ஸர் மேல இருக்கிறதை எவனாவது துடைங்கப்பா" என்ற குரலும் வந்தது.

"வலை?" என்றாள் அவள்.

"அதையும் ரெண்டு முழம் தூக்கிக் கட்டறேன். இப்ப எண்ணணும். எல்லாம் வந்துச்சான்னு பாக்க வேணாமா?"

எண்ணுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. அறுபது பேர் தொங்கும் பஸ்ஸில் பேனா முனையால் காற்றைத் தொட்டுத் தொட்டு நொடியில் எண்ணி முடிக்கிற மனிதர். பேனாவை எடுத்தார். தொட்டார். முடித்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"உன்கிட்ட எத்தனை?"

"இருபத்திரண்டு."

"நல்லாத் தெரியுமா?"

"என் வாத்து எனக்குத் தெரியாதா?"

மருதை குனிந்து, கவுண்ட்டரின் அடியில் பதுங்கியிருந்த ஒரு வெள்ளை வாத்தை மெல்ல வெளியே தள்ளினார். ஆனந்தவள்ளி அதைப் பார்த்ததே இல்லை. அதன் வலது காலில் யாரோ பொறுமையாக, அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டிய சிவப்பு ரிப்பன் இருந்தது. அது மருதையைப் பார்த்துவிட்டு, கூச்சப்படாமல் ஆனந்தவள்ளியின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. டெப்போவிலிருந்து. பாலத்தில் நாற்பது நிமிஷம் பஸ் நின்றதற்கு டிரைவர் ஜெபராஜ் சொல்லும் காரணத்தை நம்புவதா வேண்டாமா என்று பரிசோதகரிடம் கேட்கிறார்கள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எந்த டிரைவரின் காரணத்துக்கும் மருதை ஆமாம் போட்டதில்லை.

கடையே அவர் வாயைப் பார்த்தது.

மருதை தொண்டையைச் செருமிக்கொண்டார். எழுந்து நின்றார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா சார், வாத்துதான். ஜெபராஜ் சொன்னது நிஜம். நானே இறங்கிப் பாத்தேன், நானே எண்ணினேன்... இருபத்து மூணு சார். அதுல இருபத்திரண்டு எங்க வீட்டோடது. ஒண்ணு மட்டும் டிக்கெட் இல்லாம வந்திருக்கு."